ஏரிக்கு எதிர்ப்பக்கம்

இடது எது, வலது எது என்று தெரியாத ஒரு மனிதரை, "இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க" என்று சொல்வதற்காகவே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது அதுதான். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, அவர் தலை நரைக்கிற வரைக்கும் நடந்தது.

அவருக்கு இடவலம் என்றுதான் பேர். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வாத்தியார் வைத்த பேர் அது. வரிசையாக நிற்கவைத்து "வலது பக்கம் திரும்பு" என்றால் மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் திரும்ப, இவர் மட்டும் பக்கத்தில் இருப்பவனோடு மூக்கும் மூக்கும் இடிக்க நிற்பார். வாத்தியார் அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் ஒரு கையில் மையால் கோடு போட்டும் பார்த்தார். கோடு போட்ட கை எந்தக் கை என்பதை இவர் மறந்துவிட்டார். வளர்ந்தபின் கார் ஓட்ட உரிமம் வாங்கப் போனார். இடது பக்கம் திருப்பச் சொன்ன அதிகாரியை வலது பக்கம் இருந்த பழக்கடைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அதிகாரி இறங்கி, வந்ததற்குப் பழம் வாங்கிக்கொண்டு, நடந்தே ஆபீஸ் போய்ச் சேர்ந்தார்.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். குழப்பம் உள்ள ஆள் என்றால் பாதித் தடவையாவது சரியாகச் சொல்லிவிடுவான். இடவலத்துக்கு அந்தப் பாதி கூடக் கிடையாது. தப்பு என்றால் தப்பு, ஒவ்வொரு தடவையும் தப்பு, ஒரு நாளும் நாக்கு பிசகி உண்மையைச் சொன்னதில்லை. தப்பில் இவ்வளவு ஒழுங்கான மனிதரைப் பார்ப்பது கஷ்டம்.

இளவயதில் அவர் ஒரு துணிக்கடை வாசலில் நின்று போகிற வருகிறவர்களைக் கூவிக் கூப்பிடும் வேலையில் இருந்தார். நல்ல கனத்த குரல். அந்தக் கடையின் பின்னறையில் கால்சட்டை நீளம் குறைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்தக் குரல் பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகுதான் குரலுக்குச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்பது அவளுக்குப் புரிந்தது. தெருவே தையலக்கா என்று கூப்பிடும் அவள் சாமர்த்தியசாலி. வீட்டுக்குள் அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் தடை போட்டுவிட்டாள். "உப்பு குழாய் பக்கத்து அலமாரில இருக்கு. கத்திரிக்கோல் மெஷின் பக்கம் இருக்கு. செருப்பை நீங்க கழட்டின பக்கத்துலயே தேடுங்க." குடும்பம் அப்படியே ஓடியது.

துணிக்கடை மூடியதும் அவர் மலை ரயிலில் சேர்ந்தார்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. காலையில் மேலே ஏறும், மதியம் கீழே இறங்கும், அவ்வளவுதான். மேலே போனால் ஒரு மேடை, ஒரு கழிப்பறை, காபி விற்கும் ஒரு ஜன்னல். ஏறுகிறவர்கள் எல்லாரும் வழிக்காகவே ஏறுகிறார்கள். கூரை வரைக்கும் கண்ணாடி, போகும் திசையைப் பார்த்த இருக்கைகள். ஒரு நாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் போ என்று பெரிய மனிதர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் தானாகப் பார்க்கிறவன் நூற்றில் ஒருவன். மற்றவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு மாமியார் வீட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அருவி வந்து காத்திருந்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் மைக்கோடு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் முதல் பெட்டியில், ரயில் போகும் திசைக்கு முதுகு காட்டி, பயணிகளைப் பார்த்து நிற்க வேண்டும். மற்ற பெட்டிகளுக்கு ஒலிபெருக்கியில் குரல் போகும். இங்கேதான் அந்த வேலையின் கொடுமை இருந்தது. அவன் வலது கைப் பக்கம் இருக்கிற மலை, பயணிகளுக்கு இடது பக்கம். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் திருப்பிப்போட்டுச் சொல்ல வேண்டும். படித்த பையன்கள் வந்தார்கள், பத்துத் தடவை சரியாகச் சொல்வார்கள், பதினோராவது தடவை உளறுவார்கள். இடவலம் போய் நின்றார். வாயில் வந்ததைச் சொன்னார். அருவி அந்தப் பக்கமே இருந்தது. அடுத்ததும் சரி, அதற்கடுத்ததும் சரி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் இங்கே காக்கை உட்கார்ந்தபோதெல்லாம் விழுந்தது.

தனக்கு வியாதி குணமாகிவிட்டது என்றே அவர் நினைத்தார். அன்று வீட்டுக்கு வந்து மார்தட்டியபோது, தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எங்க, இடது கையைத் தூக்குங்க பாப்போம்" என்றாள். தூக்கினார். அவள் கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மெஷினை மிதித்தாள். அதற்குப் பிறகு அவரும் அதை ஆராய்ச்சி செய்யவில்லை. நடக்கிற வண்டியை நிறுத்தி ஏன் நடக்கிறாய் என்று யார் கேட்பார்கள்.

அந்த வேலையில் அவருக்குப் பிடித்தது சம்பளம் அல்ல, 'ஆ' என்ற சத்தம். அவர் ஒரு வார்த்தை சொன்னதும் பெட்டி முழுக்க ஒரே பக்கம் திரும்பும். ஒரு நொடி கழித்து எல்லா வாயிலிருந்தும் 'ஆ' என்று வரும். அந்த மலையைத் தானே அடுக்கி வைத்ததுபோல இருக்கும் அவருக்கு. எதிர்க்கட்சிக்காரர்கள் போல உட்கார்ந்திருக்கும் புருஷன் பெண்டாட்டி கூட அந்த நேரத்தில் ஒரே ஜன்னலைப் பார்ப்பார்கள். காட்டுகிறவன் கண்ணும் காட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எவனும் பார்க்கமாட்டான் என்பது அவர் கண்டுபிடித்த தொழில் ரகசியம். மைக்கைப் பிடித்தால் அவர் பார்வை வேறெங்கும் போகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய 'ஆ' ஏரிக்கு வரும். மேலே போகும்போது ஏரி இடது பக்கம். போட்டோ எடுக்கட்டும் என்று ரயில் அங்கே ஆமை வேகத்துக்கு இறங்கும். வலது பக்கம் ஒரு வரிசை வீடுகளின் பின்புறம். துணி காயும் கொடிகள், உடைந்த வாளிகள், ஒரு சைக்கிளின் பாதி. அதில் ஒரு வீடு இடவலத்தின் வீடு. அந்த வரிசைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு முழு ரயில் தங்கள் கொல்லையை உரசிக்கொண்டு போகும்போது, அதில் இருக்கிற அத்தனை பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்ப்பார்கள். ஆகவே இடுப்பில் துண்டோடு குளிக்கிறவர் தாராளமாகக் குளிப்பார். சண்டை போடுகிறவர்கள் நிறுத்தாமல் போடுவார்கள். ரயிலுக்கும் அவர்களுக்கும் ஒரு உடன்பாடு மாதிரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புது மேலாளர் வந்தார். சின்ன வயதுப் பெண், சுறுசுறுப்பு, கெட்டவர் அல்ல. நடைமேடையிலிருந்து பார்த்தபோது, வளைவில் திரும்பும் ரயிலுக்குள் ஒரு மனிதர் நின்றுகொண்டே பேசுவது தெரிய, பதறிப்போனார்.

"சார், விழுந்தா யார் பொறுப்பு? உங்களுக்கு முன்னாடி கேபின்ல ஒரு சீட் போட்டுத் தர்றேன். பெல்ட் போட்டு உட்காந்து, முன்னாடி பாத்துக்கிட்டே பேசுங்க."

"நின்னே பழகிடுச்சு, மேடம்."

"பழகிக்கலாம். இன்னொன்னையும் சொல்லிடறேன். பதிவு பண்ணின குரல் ஒன்னு வாங்கி வச்சிருக்கோம். நான் நாளைக்கு ரயில்ல வர்றேன். நேர்ல பேசறதுதான் நல்லா இருக்குன்னா நீங்களே தொடரலாம். இல்லன்னா அதைப் போட்டுடுவோம். உங்களுக்கு ஸ்டோர்ல வேலை."

ஸ்டோர் என்பது ரயில் பெட்டி துடைக்கும் துணிகளை எண்ணி அடுக்கும் அறை. ஜன்னல் கிடையாது. துணியைப் பார்த்து எவன் 'ஆ' சொல்வான்? அன்று சோறு இறங்கவில்லை இடவலத்துக்கு. தையலக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உக்காந்து பேசினா கால்தான் வலிக்காது. குரல் எங்க போயிடப்போகுது?" என்று தைரியம் சொன்னாள். அவள் சொன்னது நியாயம்தான். கோளாறு குரலில் இல்லை.

மறுநாள் காலை கேபினில் பெல்ட் மாட்டி உட்கார்ந்தார். முன்னால் தண்டவாளம், முதுகுக்குப் பின்னால் கதவு, கதவுக்கு அப்பால் பயணிகள். அதாவது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரும் பயணிகளும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய தப்பைத் திருப்பிப்போட்டு இத்தனை வருஷமாகச் சரியாக்கிக்கொண்டிருந்தது அந்த நிற்கும் நிலை ஒன்றுதான். அதைப் பிடுங்கியாயிற்று. அது அவருக்கும் தெரியாது, மேலாளருக்கும் தெரியாது.

"இடது பக்கம் பாருங்க, வானத்துலேர்ந்து கொட்டுற வெள்ளிக் கம்பி" என்றார். அருவி வலது பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. பயணிகள் இடது பக்கம் திரும்பி, முழங்கை தூரத்தில் நகரும் கரும்பாறையைப் பார்த்தார்கள். காசு கொடுத்து ஏறியவர்கள் ஆயிற்றே, சிலர் பாறையைப் போட்டோ எடுத்தார்கள். அடுத்து, "வலது பக்கம் பாருங்க, அதல பாதாளம்" என்றார். வலது பக்கம் துருப்பிடித்த சரக்குப் பெட்டிகள் இரண்டு நின்றுகொண்டிருந்தன. ஒரு பெரியவர் மட்டும் எழுந்து நின்று அவற்றுக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

கேபினில் இடவலத்துக்கு ஏதோ குறைந்தது. 'ஆ' வரவில்லை. கதவு மூடியிருப்பதால் கேட்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஏரி வரட்டும், ஏரி கைவிடாது. ரயில் வேகம் குறைந்தது. தொண்டையைச் செருமினார்.

"வலது பக்கம் பாருங்க. இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்க. அவசரப்படாம கண்ணாரப் பாருங்க."

எல்லா ஜன்னல்களிலும் முகங்கள் வலது பக்கம் ஒட்டின.

வீட்டுக் கொல்லையில் தையலக்கா ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். கிழிந்துபோனதென்று அவர் கொடுத்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைக்குச் சாயம் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கொடியில் அவருடைய பனியன்களை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பனியனிலும் ஜன்னல் வைத்ததுபோல் ஓட்டை. பக்கத்து வீட்டில் குளியல்காரர் தலையில் சோப்பு நுரையோடு இருந்தார். அதற்கடுத்த வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி துடைப்பத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரயில் ஊர்ந்தது. ஊர்வதுதான் அங்கே அதற்குப் பழக்கம்.

இடவலம் ஏரியைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார். "காலைல ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். கிட்டப்போய் பாத்தாதான் கருப்புன்னு தெரியும். அமைதியா இருக்கற மாதிரி இருக்கும், நம்பிடாதீங்க. காத்தடிச்சா ஆளையே சாய்ச்சிடும்."

கதவைத் தாண்டி ஒரு சத்தம் வந்தது. 'ஆ' அல்ல, சிரிப்பு. பெட்டியே குலுங்குகிற சிரிப்பு. அவர் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து பார்த்தார். நாற்பது பேரும் ஏரிக்கு முதுகு காட்டி நின்றார்கள். அவர்களைத் தாண்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் பை கட்டிய தன் மனைவி. முதல் இருக்கையில் மேலாளர் எழுந்து நின்று அவரையே பார்த்தார்.

ஈயாடவில்லை இடவலத்தின் முகத்தில். மைக் கையில் இருந்தது. என்ன சொல்வது? உண்மையைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

"மன்னிக்கணும். ஏரி அந்தப் பக்கம். இது... இது எங்க வீடு. ஸ்டூல் மேல நிக்கறது என் வீட்டுக்காரி. பனியன் என்னோடது."

ஒரு குழந்தை கையசைத்தது. அதைப் பார்த்து எல்லாரும் கையசைத்தார்கள். தையலக்கா ரயிலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த போர்வையை இழுத்து அதற்குள் மறைந்தாள். துடைப்பத் தம்பதி துடைப்பத்தை விட்டுவிட்டுப் பதிலுக்குக் கையசைத்தார்கள். பயணிகள் ஏரிப் பக்கம் திரும்பியபோது குகை வந்துவிட்டது.

மேலே போய்ச் சேர்ந்ததும் மேலாளர் அவரைக் காபி ஜன்னலுக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டார். "உங்க இடது கையைத் தூக்குங்க, சார்." தூக்கினார். மேலாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "திரும்பும்போது பதிவையே போடலாம். நீங்க சும்மா உட்காந்து வாங்க."

மேலாளர் எண்ணமெல்லாம் சரிதான். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பொத்தான், அழுத்தினால் தேன் மாதிரி ஒரு குரல். ஆனால் அந்தக் குரல்காரியை மேலே ஏறும் வழிக்கு மட்டும் பேசவைத்து வாங்கியிருந்தார்கள். ரயில் என்றால் திரும்பியும் வரும் என்பது வாங்கியவர்களுக்குத் தோன்றவில்லை. இறங்கும்போது ஏரி வலது பக்கம் வந்தது. ரயில் கார்டு பொத்தானை அழுத்தினார். "உங்கள் இடது பக்கத்தில், இயற்கை அன்னையின் மடியில்..." என்றது தேன்குரல். முழு ரயிலும் மறுபடி அதே கொல்லைகளைப் பார்த்தது. குளியல்காரர் இப்போது தலை துவட்டிக்கொண்டிருந்தார். தையலக்கா வெளியே வரவில்லை. வந்திருந்தால் இடவலம் பார்த்திருப்பார். சும்மா உட்கார்ந்திருந்ததால் அவரும் அந்தப் பக்கமே பார்த்தார்.

கீழே இறங்கியதும் மேலாளர் சிரிக்கவும் முடியாமல், கோபப்படவும் முடியாமல் நின்றார். "நாளைலேர்ந்து பழையபடி நில்லுங்க. பிடிச்சுக்க ஒரு கம்பி போட்டுத் தரச் சொல்றேன். ஆனா ஒன்னு. டிக்கெட் வாங்கறவங்க ஏரிக்காக வாங்கறாங்க, உங்க வீட்டுக் கொல்லைக்காக இல்ல. நானே ரெண்டு தடவை போயும் இன்னும் ஏரியைப் பாக்கல. நாளைக்கும் வர்றேன். இன்னொரு தடவை ஜனங்க அந்தப் பக்கம் திரும்பினா, பதிவைத் திருத்தி வாங்கிடுவேன். அப்புறம் ஸ்டோர்தான்."

வேலை பிழைத்தது. ஆனால் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதுதான் பெரிய குகை.

தையல் மெஷின் ஓடும் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. அது கோபத்தில் மிதிக்கிற மிதி. அவர் செருப்பைக் கழற்றி, அதன் பக்கத்திலேயே நின்றார்.

"மன்னிச்சுக்கோம்மா. நாளைலேர்ந்து நின்னு பேசச் சொல்லிட்டாங்க. இனிமே யாரும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க. திரும்பினா எனக்கு ஸ்டோர்தான்."

மிதி நின்றது. "நாளைக்கும் அந்தம்மா வர்றாங்களா?"

"வர்றாங்க."

அவள் துணியைக் கவனமாக மடித்தாள். தலைமுடி கருகருவென்று இருந்தது. "வெக்கமாத்தான் இருந்துச்சு. பைய வேற கட்டிக்கிட்டு. போர்வைக்குள்ள நின்னு அழுதேன்."

"தப்புதான்."

"இருங்க, சொல்லி முடிச்சிடறேன். அழுதது அதுக்காக இல்ல. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து தினம் ரெண்டு தடவை அந்த ரயில் போகுது. ஒரு தடவை விடாம நான் வெளிய வந்து நிப்பேன், உங்க குரல் வருமே. ஆனா நான் பாத்ததெல்லாம் பின்மண்டைதான். வழுக்கை, பின்னல், தொப்பி, எல்லாம் அந்தப் பக்கம். அதுல உங்க மண்டையும் ஒன்னு. இன்னிக்குத்தான் அந்த ரயிலுக்கு மொகம் இருக்குன்னே பாத்தேன். கதவுல நின்னு நீங்க என்னைப் பாத்தீங்க. எத்தனை வருஷம் ஆச்சு, என் கொல்லையைத் தாண்டிப் போறீங்க. ஒரு தடவை கூடத் திரும்பினது இல்ல."

காட்டுகிறவன் கண் காட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்ற தொழில் ரகசியத்தை அந்த இடத்தில் சொல்ல அவருக்கே கேவலமாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் வெட்டிப்போட்ட நூல்களைப் பொறுக்கினார்.

மறுநாள் காலை முதல் பெட்டியில் புதுக் கம்பியைப் பிடித்து, பயணிகளைப் பார்த்து நின்றார். முதல் இருக்கையில் மேலாளர். வாயில் வந்ததைச் சொன்னார், அருவி சொன்ன இடத்தில் கொட்டியது. பள்ளத்தாக்கும் சொன்ன இடத்தில் இருந்தது. பழைய 'ஆ' திரும்பி வந்தது, பயம் கொஞ்சம் விட்டது. ரயில் வேகம் குறைந்தது.

"இடது பக்கம் பாருங்க" என்றார். முழு ரயிலும் ஏரிப் பக்கம் திரும்பியது. மேலாளர்தான் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய் மூக்கைக் கண்ணாடியில் வைத்தார்.

இடவலம் திரும்பவில்லை. அன்று முதல் தடவையாக, மைக்கைப் பிடித்த கையோடு, மற்றப் பக்கம் பார்த்தார்.

அந்த வீட்டு வரிசையே வெளியே நின்றது. ஒரே நாளில் இரண்டு தடவை ரயில் தங்களைப் பார்த்துவிட்டது, இனித் தினமும் பார்க்கும் என்று முடிவுகட்டியிருந்தார்கள் போலும். குளியல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் தலை வாரி நின்றார். துடைப்பத் தம்பதி போட்டோவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி தோளோடு தோள் உரசி நின்றார்கள். வாளிகளைக் காணோம், பனியன்களைக் காணோம். தையலக்கா, தனக்கென்று தைத்து இதுவரை உடுத்தாமல் வைத்திருந்த நீல உடையில் நின்றாள். அவர்களுக்கு முன்னால் பெட்டி பெட்டியாகப் பின்மண்டைகள் போய்க்கொண்டிருந்தன. குளியல்காரர் தூக்கிய கையை மெதுவாக இறக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இடவலத்தின் வாய் மட்டும் பழக்கத்தில் ஏரியைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் கையைத் தூக்கி அசைத்தார்.

அவள் பார்த்துவிட்டாள். முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி மேலாளர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், பதறிப்போய் இரண்டு கையையும் ஏரிப் பக்கம் வீசி வீசிக் காட்டினாள். அங்க பாருங்க, அங்க பாருங்க, வேலை போயிடும், அங்க திரும்புங்க என்று வாயசைத்தாள். பக்கம் தெரியாத மனிதருக்கு அதைவிடத் தெளிவாக யாரும் பக்கம் காட்டியிருக்க முடியாது. அவர் தலையை ஆட்டினார், ஆனால் திரும்பவில்லை. வளைவு வந்து அவள் மறைகிற வரைக்கும் அவர் திரும்பவே இல்லை.